மீதி மாத்திரைகளைக் கொடுத்தனுப்பு

அத்-பாஷி,
மார்ச் 9

அன்பு மேரிம்,

இங்கே நலம். அங்கே எப்படி என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை. ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. கூரையில் இன்னும் பனி.

நான் விழுந்துவிட்டேன். போனில் சொல்லவில்லை. அடுப்புக்கு வறட்டி எடுத்துவரும்போது, வாசற்படியில். நெஞ்சு அடித்துக்கொண்டது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. காரணம், இளைக்கவென்று நீ மாஸ்கோவிலிருந்து அனுப்பிய அந்தப் பச்சை மாத்திரைதான். பதினொரு நாள் சாப்பிட்டேன். பசி போனது, தூக்கம் போனது, நான்கு கிலோவும் போனது. ஏன் சாப்பிட்டேன் என்றால், சித்தப்பா வீட்டு விருந்தில் முதல் தடவையாக ஆட்டின் வாலெலும்பை என் முன்னால் வைத்தார்கள். அந்தக் கொழுப்புத் துண்டு மூத்த பெண்களுக்கு உரியது. எனக்கு நாற்பத்தொன்பதுதான். உன் சித்தி அனார், "வாங்கிக்கோங்கக்கா, இனிமே நீங்கதான் பெரிய மனுஷி, இடுப்பே சொல்லுதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை, பிறகு வந்தது, மறுபடி நின்றது. வயிறு மட்டும் நிற்காமல் வந்தது, சாப்பாடு அதேதான்.

விழுந்த பிறகு பார்க்க வந்த நர்ஸ் புருல்கான் கேட்டபோது மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றேன். "யாருகிட்டக்கா கதை விடுற? கை நடுங்குது பாரு" என்றாள். பெட்டியைக் காட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. அவள் முகம் மாறியது. மாதவிடாய் நிற்கிற பருவத்தில் தசை குறையும், கொழுப்பு வயிற்றில் சேரும், உன் தப்பில்லை என்றாள். ரொட்டியைக் குறை, முட்டையும் தயிரும் சேர், தினமும் நட, வாளியையும் நீயே தூக்கு, எடை மெதுவாகத்தான் இறங்கும் என்றாள். வாலெலும்பை என்ன செய்ய என்றேன். "பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வா, யாரு வேணாங்கறா?" ஊரே அப்படித்தான் பங்கை எடுத்துப் போகிறது, எனக்குத் தோன்றவில்லை. இப்போது அப்பா சாப்பிட்டுத் தடிக்கிறார்.

என் பயம் அதுவல்ல. மாத்திரைப் பெட்டிக்குள் வைத்த சீட்டில், "நானும் சாப்பிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். ஞாயிறன்று போனில் அதைக் கேட்டேன். "அத எப்பவோ விட்டுட்டேம்மா" என்றாய். வேகமாக. புருல்கானிடம் நான் பொய் சொன்ன அதே குரல். பிறகு வேறு பேச்சுக்கு நடுவே, தூக்கமில்லை என்றாய், தையல் கூடத்தில் ஊசி கோர்க்கக் கை நிற்கவில்லை என்றாய். அன்றிலிருந்து உன் கைதான் கண்ணில். என்னைத் தூக்க அப்பா இருந்தார். நீ கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தனியாகத் தூங்குகிறாய்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சகின் மாமா வியாழனன்று அங்கிருந்து திரும்புகிறார். மீதியை அவரிடம் கொடு, அடுப்பில் போட்டுவிடுகிறேன். அன்பால்தான் அனுப்பினாய், தெரியும். திட்ட மாட்டேன். நாளைக்கே டாக்டரிடம் போ, முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்.

என் பாவாடையை இரண்டு விரல் தளர்த்தித் தைத்துவிட்டேன். உனக்கும் தைத்துத் தருகிறேன். எந்த அளவில் வந்தாலும் சரி, வா.

உன் வழி தடையில்லாமல் வெள்ளையாக இருக்கட்டும், மூச்சு சீராக இருக்கட்டும். வியாழன், மறக்காதே.

அம்மா
ஜிபார்