செல்லுபடியாகாத பதில்

கோபம் தீராத அன்போடு, என் அப்பாவுக்கு,

ஆமாம், செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு வைத்த அந்த வெற்றிலை, சிகரெட் தட்டை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வெற்றிலையை விட்டுவிட்டேன். சிகரெட்டுகளை மட்டும் குசினிக்குப் பின்னால் மழைத்தண்ணீரில் கொட்டினேன். முற்றத்துக் கதிரைகளில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் பத்தடி தள்ளி உள்ளே பெட்டியில் கிடந்தீர்கள்.

மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்னம்மா இது? செத்த வீட்டுல தட்டு வைக்காம விடுறதா? வந்த ஆளுங்க என்ன நெனைப்பாங்க?"

"அப்பா எதால செத்தாருன்னு தெரியுமா மாமா?"

"ஹார்ட் அட்டாக்."

"ஆமா. நீங்களும் ஒண்ணு பத்தவச்சிக்கிட்டுப் போயி அவருகிட்ட சொல்லுங்க."

உள்ளேயிருந்து அம்மா கத்தினார். "தர்ஷினி, வாய மூடு." மூடிக்கொண்டேன். அன்று மூடியதை இப்போது திறக்கிறேன்.

நம் வீட்டில் சிகரெட் என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. நீங்கள் என் முன்னால் ஒருநாளும் பிடித்ததில்லை. கடை மூடி வரும்போது இஞ்சி டொபி வாசத்தோடு வருவீர்கள். சட்டையைத் துவைக்க எடுக்கும்போது பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வைப்பேன். காய்ந்த சட்டையில் திரும்பவும் போட்டுவிடுவேன். நீங்கள் மறைத்தீர்கள். எனக்குத் தெரியும் என்பதை நான் மறைத்தேன். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மௌனத்தைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்று எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். உங்களிடம் ஒரு வரி பேசவில்லை.

பிறகு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டபோது, மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொன்னேன். முழுதாகச் சொல்கிறேன், கேளுங்கள். புகையை விட நினைக்கிறவர்களின் ஃபோனுக்கு நாள்தோறும் குறுஞ்செய்தி போகும். தைரியம் சொல்லும். ஆசை வரும்போது தண்ணீர் குடிக்கச் சொல்லும். மாலையில் ஒரு கேள்வி கேட்கும்: இன்று புகைக்கவில்லை என்றால் 1, புகைத்திருந்தால் 2. பதிலைப் பார்த்து இயந்திரமே அடுத்த செய்தியை அனுப்பும். அந்தச் செய்திகளின் தமிழ் என்னுடையது. ஒவ்வொரு வரியும்.

அதனால் விட்டவர்கள் இருக்கிறார்கள், அப்பா. பல்லேகலத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் தன் மகன்களோடு அலுவலகத்துக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் உங்கள் எண்ணைப் பதிந்தேன். உங்களைக் கேட்கவில்லை. "சம்மதம்" என்ற பெட்டியில் நானே அடையாளம் இட்டேன். வாயால் சொல்ல முடியாததை இயந்திரம் சொல்லட்டும் என்று நினைத்தேன். கோழைத்தனம்.

மறுநாள் காலை நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஃபோனை அம்மாவிடம் நீட்டினீர்கள்.

"இங்க பாரு, யாரோ ஒரு மிஸ் எனக்கு மெசேஜ் போட்டிருக்கு."

"யாரு அந்த மிஸ்? இந்த வயசுல உங்களுக்கு மெசேஜ் கேக்குதா?"

"அட, ஆஸ்பத்திரியில இருந்தாயிருக்கும். என்னா நல்ல தமிழ் பாரு. படிச்ச புள்ள."

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அது மிஸ் இல்லை அப்பா, நான் எழுதியது, அனுப்புவது இயந்திரம் என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. நல்ல தமிழ் என்றீர்களே, அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

இத்தனை வருடம் புடவைக் கடையில் நின்றவர் நீங்கள். வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். "அந்தக் கலர் வருது மேடம், வெள்ளிக்கிழம வாங்க." வெள்ளிக்கிழமை எதுவும் வராது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கும். நீங்களோ, "மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லலாமா?" என்பீர்கள்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு மிஸ் தினமும் மாலையில் மரியாதையாக விசாரித்தால் என்ன பதில் வரும்? 1. ஒவ்வொரு நாளும் 1.

எங்கள் கணினி வேலைகளைப் பார்ப்பவள் ஃபர்ஸானா. மடவளையிலிருந்து வருகிறாள். பதிந்திருப்பது உங்கள் எண் என்று அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். "தர்ஷி, உங்கட வாப்பா சூப்பர். ஒருநாளும் தவறாம 1 அனுப்புற," என்பாள். பஸ்ஸில் வரும்போது எனக்குள் சிரித்துக்கொள்வேன். வீட்டில் நீங்கள் இஞ்சி டொபி வாசத்தோடு இருப்பீர்கள். மூக்கை நம்பவில்லை. திரையை நம்பினேன்.

கருமாதி முடிந்த மறுநாள் கடை முதலாளி உங்கள் ஃபோனைக் கொண்டுவந்து தந்தார். மேசை லாச்சியை இழுத்தபோது உள்ளே கிடந்ததாம். சார்ஜ் போட்டேன். 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே போனேன். கடைசிச் சனிக்கிழமையில் விரல் நின்றது. பிற்பகல் மூன்று மணி. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தீர்கள். கடைக்குப் பின்னால் இருக்கும் குறுகிய ஒழுங்கையில் நின்றிருப்பீர்கள்.

"மிஸ் கோவிச்சுக்காதீங்க. இவ்ளோ நாளும் பொய் சொல்லிட்டேன். விட முடியல. இன்னைக்கு நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. என்னா செய்யணும்னு சொல்லுங்க. வீட்ல மகளுக்குத் தெரிய வேணாம்."

அதே நிமிடத்தில் பதில் வந்திருக்கிறது.

"மன்னிக்கவும். உங்கள் பதில் செல்லுபடியாகாது. 1 அல்லது 2 என்று மட்டும் அனுப்பவும்."

நான் எழுதியது. எழுதிய நாள்கூட நினைவிருக்கிறது. "பிழையான பதில்" என்றால் மரியாதைக் குறைவாக இருக்கும் என்று அரை மணி நேரம் யோசித்து மாற்றினேன்.

அதற்குக் கீழே நீங்கள் அனுப்பியது: 1.

அதற்கும் கீழே: "மிக நன்று! இன்னொரு புகையற்ற நாள். உங்கள் இதயம் உங்களுக்கு நன்றி சொல்கிறது."

அதுவும் நான் எழுதியதுதான். செவ்வாய்க்கிழமை கடையில் விழுந்தீர்கள்.

ஏன் அப்பா? பெரியாஸ்பத்திரி என்ன சிங்கப்பூரிலா இருந்தது? மூன்று நாள். அந்த மூன்று நாளும் ஒரே மேசையில் சாப்பிட்டோமே, நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லையா? முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் ஏன் முடியவில்லை? மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று யாரிடம் சொன்னீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சு அடைக்கும்போதும் மிஸ்ஸின் மனம் நோகக்கூடாது என்று 1 அனுப்பினீர்களே, எந்தக் கடையின் சட்டம் அது?

உங்கள் மேல் கோபப்படும் ஒவ்வொரு தடவையும் அது என்னிடமே திரும்பிவிடுகிறது. திரும்பட்டும். ஆனால் உங்களை முழுதாக விட்டுவிட மாட்டேன்.

ஃபோனை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஃபர்ஸானாவின் முன்னால் வைத்தேன். வாசித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எங்களுக்கு வரவே இல்லையே, தர்ஷி."

"வந்திருக்கு. பதிலும் போயிருக்கு."

"நம்பர் இல்லாம எழுத்துல வாறதெல்லாம் வேற ஃபோல்டருக்குப் போற. அத யாரும் பாக்குறல்ல."

"ஏன்?"

"ஆளில்ல. மேலால சொன்ன, நம்பர் மட்டும் போதும், ரிப்போட்டுக்கு அதுதான் வேணும் எண்டு."

திறக்கச் சொன்னேன். தயங்கினாள். திறந்தாள்.

நீங்கள் தனியாள் இல்லை, அப்பா. ஒரு பெண் தன் கணவரின் ஃபோனிலிருந்து எழுதியிருக்கிறாள், அவர் நடுங்குகிறார், இது சாதாரணமா என்று. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். சரியாகவே திட்டியிருக்கிறார். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து ஒருவர்: "மிஸ், எட்டு நாளா விட்டிருக்கேன். பேச யாருமில்ல." எல்லோருக்கும் ஒரே பதில். செல்லுபடியாகாது. செல்லுபடியாகாது.

மேலே இருப்பவரிடம் போனேன். "வெரி சாட்," என்றார். எல்லாப் பதிலையும் வாசிக்க ஆள் போட முடியாது, இது குறுஞ்செய்தித் திட்டம், ஆலோசனை நிலையம் அல்ல என்றார். அப்படியானால் கேள்வி கேட்காதீர்கள் என்றேன். ஒரு மனிதனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு அவன் வாயைத் திறந்ததும் கதவை அடித்துச் சாத்தாதீர்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். நீங்கள் இருந்தால் மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லலாமா என்று கேட்டிருப்பீர்கள். சொல்லலாம், அப்பா.

"செல்லுபடியாகாது" என்ற அந்த வரியை நீக்கியாயிற்று. இனி வாக்கியமாக வருவது என் மேசைக்கு வரும், சம்பளம் கூட்டிக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். முதல் செய்தியையும் மாற்றினேன்: இதை அனுப்புவது இயந்திரம், உதவி வேண்டுமானால் எழுதுங்கள், ஒருவர் வாசிப்பார், நெஞ்சு வலித்தால் எங்களுக்கு எழுதாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்களுக்கு ஒரு வாக்கு. எனக்கு எழுதுகிற யாரும் பதிலில்லாமல் இருக்க மாட்டார்கள். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்டயும் சொல்லலியே அந்த மனுசன்," என்றார்.

கோபத்தோடும் அதைவிடப் பெரிய பாசத்தோடும்,
உங்கள் ஒரே மகள்.

இதை எழுதி மடித்து வைத்துவிட்டு எட்டரைக்கு அலுவலகம் போனேன். பேச யாருமில்லை என்று எழுதிய மடுல்கெல்லக்காரரின் எண்ணுக்கு அழைத்தேன். "யாரு பேசுறது?" என்றார். என் பெயரைச் சொன்னேன். பிறகு அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன்.