ஜீப் கூண்டுக்குப் புது ரப்பர்

14.9.2025, ஞாயிறு

வில்லியனூரிலிருந்து திரும்பும்போது மங்கலம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம்கூட இருக்காது. ஜீப்புக்குள் என் மனைவி தையலம்மாள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள்.

“குடையை மூடு” என்றேன்.

“ஜீப்ப நீங்க மூடுங்க, குடைய நான் மூடறேன்” என்றாள்.

மேலே உள்ள பைபர் கூண்டுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பீடிங் செத்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் கருப்பட்டித் தூள் மாதிரி உதிர்கிறது. ஐப்பசி அடைமழைக்குள் மாற்றியாக வேண்டும். நானே மாற்றுவேன். இந்த வண்டியில் நான் கழற்றி மாட்டாதது எதுவும் இல்லை, அந்தக் கூண்டு ஒன்றைத் தவிர.

கூண்டைச் செய்தது அவள் தம்பி. ஒழுகாமல் என்ன செய்யும்?

17.9

பத்திரிகை வந்திருக்கிறது. அவன் மகள் வெண்ணிலாவுக்கு நவம்பர் 3, திங்கள், பண்டசோழநல்லூரில் கல்யாணம். தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். கூடப் பிறந்த அக்காளை அழைக்கிற முறையா இது?

“போவதில்லை” என்றேன். தையலு பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எடுத்து அலமாரியில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் சாமி படத்துக்கு முன்னால்.

நான் காரணமில்லாமல் கோபித்தவன் இல்லை. அரிகரன் என் மைத்துனன். நல்லவாட்டில் பைபர் படகு செய்யும் கொட்டகையில் வேலை பார்த்தான், கைகாரன் என்று பெயர். 2014-இல் ஜீப்புக்கு ஒரு கூண்டு செய்து தரச் சொன்னேன். செய்து கொண்டுவந்து மாட்டினான். பார்த்தால் பின்பக்கம் இரண்டு மூலையிலும் விரல் நுழைகிற ஓட்டை! நானே எம்சீல் பிசைந்து அடைத்தேன். அப்படியும் அந்தக் கார்த்திகை மழையில் ஒழுகி, உள்ளே வைத்திருந்த விதைநெல் மூட்டை மூன்றும் நனைந்து முளைவிட்டன. நேரே நல்லவாட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தேன். அதோடு உறவு முடிந்தது. பதினோரு வருடம்.

21.9

புதுச்சேரிக்குப் போய் ஏழு மீட்டர் பீடிங் வாங்கி வந்தேன். நடுவில் குழல் மாதிரி, அழுத்தினால் அமுங்கி எழுகிற நல்ல ரப்பர்.

கூண்டைத் தூக்க நான்கு பேர் வேண்டும். மெக்கானிக் மாரிமுத்து ஷெட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

“அய்யா, வண்டிய ஷெட்டுல வுடுங்க. அரை நாள்ல முடிச்சிடறேன்.”

“நீ அரை நாளில் முடித்தால் அரை வருடம்தான் வரும்.”

“உங்க வாய்க்குத்தான் மொதல்ல ஒரு பீடிங் போடணும்” என்றான். மற்ற மூவரும் சிரித்ததில் கூண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய டயர்கள் மேல் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

23.9

நாள் முழுக்கப் பழைய பசையைச் சுரண்டினேன். பிளேடால் பாதி, பெட்ரோல் துணியால் மீதி. போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் எல்லாம் ரப்பர் காகிதம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. ஒழுக ஒழுக நான் முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு இடத்தில் பைபரே கீறல் விட்டிருக்கிறது.

முதுகு வலி. தையலு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

26.9

ஒட்டி முடித்தேன். இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்த ரப்பர் நாலு நாளில் தன் அளவுக்குச் சுருங்கி இடைவெளி விடும். மூலையில் வெட்டாமல் வளைத்தே கொண்டுபோனேன். இணைப்பைப் பின்பக்கம் நடுவில் வைத்தேன். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாளை அதே நான்கு பேர் வந்து தூக்கி வைப்பார்கள்.

28.9, ஞாயிறு

மோட்டார் போட்டு, குழாயைக் கூண்டின் மேல் பிடித்தேன். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு சொட்டியது. அதே இடம், தையலு உட்காருகிற சீட்டுக்கு மேலே.

அவன் செய்த அச்சே கோணல். வேறு என்ன?

29.9

இதை எழுத வேண்டுமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

மறுபடி குழாயைப் பிடித்தேன். இந்தத் தடவை ஓட விட்டுவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ரப்பர் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. பக்கக் கண்ணாடி நகரும் தடத்தில் விழும் தண்ணீர், கூண்டின் அடி விளிம்பில் உள்ள பள்ளத்தில் இறங்கியது. அந்தப் பள்ளம் சுற்றிலும் ஓடுகிறது, சிறு வாய்க்கால் மாதிரி. அது நிரம்பி, விளிம்பு தொட்டு, வழிந்தது.

வாய்க்கால் நிரம்பி வரப்பு வழிந்தால் கண் தானாகவே வடிகாலைத் தேடும். ஐம்பது வருடப் பழக்கம். தேடியது. பின்பக்கம் இரண்டு மூலையிலும் இருந்தது. கறுத்துப்போன எம்சீல். அதில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுத்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் சரசரவென்று வெளியே தரையில் கொட்டியது. பள்ளம் காலியானது. அரை மணி நேரம் குழாய் ஓடியும் உள்ளே சொட்டவில்லை.

பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

1.10

யாரிடமும் சொல்லவில்லை.

4.10

மழை. ஜீப்பில் போய் வந்தோம். “புது ரப்பரு நல்லாதான் இருக்குது” என்றாள் தையலு. ஆமாம் என்றேன்.

7.10

ரப்பரால்தான் ஒழுகல் நின்றது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நல்லவாட்டில் நடந்ததை இந்த நோட்டில் நான் முழுதாக எழுதவில்லை. எழுதுகிறேன்.

நான் போன அன்று மணலில் ஒரு புதுப் படகு நின்றது. அரிகரன் செய்தது. மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தள்ளுவதற்கு ஆள் கூடியிருந்தது. அந்தப் படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கத்தினேன்: “ஓட்டை போட்டுக் கொடுக்கிறவன்டா இவன். இவன் செஞ்ச படகுல ஏறினா கரைக்குத் திரும்ப மாட்டீங்க!”

கடலுக்குப் போகிறவனிடம், பூசை போட்ட படகின் முன்னால்... படகுக்காரர் நாகராஜன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. படகைத் தள்ளவில்லை. அதற்குப் பிறகு அரிகரனிடம் யாரும் படகு செய்யச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் ஏதோ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனான். வேண்டும் நன்றாக என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. நான் கத்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, மாமா, அது வடிகாலு மாமா, நீங்க அடச்சிட்டீங்களா?” என்று அவன் கேட்டான். “எனக்கே வாய்க்கால் வடிகால் சொல்லிக் குடுக்கறியா நீ?” என்று கையை உதறினேன்.

அப்போதே சொன்னான்.

12.10, ஞாயிறு

தையலுவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வடிகால மாமா அடச்சிட்டாரு அக்கா, நீயாவது எடுத்துச் சொல்லுன்னு அன்னிக்கே ஆள் அனுப்பினான்.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல? பதினோரு வருசம்!”

“சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? என் தம்பிக்குத்தான் ஏந்துகினு பேசறேன்னு, பேசற பேச்சையும் நிறுத்தியிருப்பீங்க. எங்கம்மா செத்ததுக்கே சொட்டுத் தண்ணி குடிக்காம திரும்பி வரணும்னு சொல்லி அனுப்பின ஆளுதான நீங்க.”

சொன்னேன். அவள் குடிக்காமல்தான் வந்தாள்.

“அப்போ தெரிஞ்சேதான் ஒழுகற ஜீப்பில உட்கார்ந்து வந்தியா?”

“வேற எங்க குந்தறது?” என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

16.10

பண்டசோழநல்லூர் போனேன். தனியாக. அரிகரன் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தான். வாட்ச்மேன் சட்டை. தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்க” என்றான். மாமா என்று சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். “ஓட்டையை அடைச்சது நான்தான். தப்பு என் பேர்ல.”

“அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே.”

“பின்னே யார்கிட்ட சொல்றது?”

“நல்லவாட்டுல யாருக்கும் தெரியாது. வார்த்தைய எங்க போட்டீங்களோ அங்க போய் எடுங்க. அப்புறம் கல்யாணத்துக்கு வாங்க.” சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “அக்கா எப்ப வேணாலும் வரலாம். அது அவ வூடு.”

காபி கொடுத்தார்கள். குடித்தேன். கோபத்தோடுதான் திரும்பினேன். எழுபத்திரண்டு வயதில் கடற்கரையில் போய் நின்று, நான் முட்டாள் என்று தண்டோரா போட வேண்டுமா?

20.10

தீபாவளி. தையலு மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

22.10

முடியாது.

23.10

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று அவளிடம் சொல்லியிருப்பேன். நோட்டிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

25.10, சனி

நல்லவாடு போய் வந்தேன்.

உச்சி வெயில். மீன் ஏலம் முடிந்து, ஐந்தாறு பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நாகராஜனைக் கேட்டேன். மகனோடு வெளியூர் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். சொல்ல வேண்டிய ஆளே இல்லை. ஆனாலும் வந்தது வந்தாயிற்று என்று, இருந்தவர்களிடம் சத்தமாகவே சொன்னேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் இங்கே நின்று அரிகரன் வேலையைக் குறை சொன்னவன் நான், அது பொய், வடிகாலை அடைத்தது நான், அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

“இன்னாவாம் இந்தப் பெருசுக்கு?” என்றான் ஒருவன்.

“பைபரு ஏதோ ஓட்டையாம். ஒட்டறதுக்கு ஆள் வேணுமா அய்யா?” என்றான் இன்னொருவன்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வியர்த்துவிட்டது. மீன் கூடையோடு போன ஒரு அம்மாள், வள்ளியம்மாள் என்று பெயராம், நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

“அடப்பாவி! நீயா அது? பூசை போட்ட படவுகிட்ட நின்னுகினு வாயத் தொறந்தவன்!”

“நான்தான்.”

“நல்லா இருந்த பையன். அன்னிக்கு அழுதுகினே போனான், தெரியுமா உனக்கு?”

தெரியாது. அந்தப் படகு என்ன ஆனது என்று கேட்டேன். கையை நீட்டினாள்.

கொட்டகைக்குப் பின்னால் மணலில் பாதி புதைந்து கிடந்தது. நீல வண்ணம் வெளுத்திருந்தது. உள்ளே விளிம்பு வரை தண்ணீர். ஒரு பெண் அதில் வலையை முக்கி அலசிக்கொண்டிருந்தாள்.

“கடலுக்குத்தான் போவலியே. தண்ணி புடிச்சி வெச்சிக்கினோம். அன்னியிலேருந்து இதுலதான் அலசறது” என்றாள் அந்தப் பெண்.

“ஒழுகாதா?” என்று கேட்டுவிட்டேன். வாய் அப்படி.

“இன்னாத்துக்கு ஒழுவுது? அரிகரன் செஞ்சது” என்றாள்.

படகின் அடியை ஒட்டிய மணலில் கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. ஒரு பிடி அள்ளினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. எத்தனை ஆயிரம் நாள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது அந்தப் படகு.

மண்டியிட்டதில் எழுந்திருக்க முடியவில்லை. வள்ளியம்மாள்தான் கை கொடுத்தாள். மீன் வாங்கச் சொன்னாள். வாங்கினேன்.

3.11, திங்கள்

கல்யாணம் முடிந்தது. நேற்று நலங்கில் அத்தை முறையைத் தையலு செய்தாள். மஞ்சள் தடவி முடித்ததும் வெண்ணிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கடைசியாகப் பார்த்தபோது பாவாடை கட்டிய பெண். இன்று தெருவில் பார்த்திருந்தால் யாரோ என்று போயிருப்பேன்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நல்லவாட்டிலிருந்து ஆறேழு பேர் வந்திருந்தார்கள். வள்ளியம்மாள் முதல் வரிசையில். யார் என்ன சொன்னார்களோ, அரிகரன் பந்திக்கு அழைக்க வந்தபோது, “சாப்பிட வாங்க மாமா” என்றான். கண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளை அழைக்கப் போய்விட்டான். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை, எதிர்பார்த்தேன்.

கிளம்பும்போது தையலு ஜீப்பில் ஏறவில்லை.

“பத்து நாள் இருந்துட்டு வரேன்.”

பத்து நாளா, களையெடுப்பு நேரத்திலா, வீட்டை யார் பார்ப்பது என்று வாய் வரை வந்தது.

“சரி” என்றேன்.

“அழைச்சிகினு போறேன்னு வந்து நிக்காதீங்க. நானே வருவேன்.”

வழியெல்லாம் நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பக்கத்து சீட்டு காய்ந்து கிடந்தது.

13.11

பத்து நாள் ஆயிற்று.

19.11

நான் வைத்த குழம்பைச் சின்னப்பிள்ளை ருசி பார்த்துவிட்டு, “உப்பு மட்டும்தான் போட்டீங்களா?” என்றான்.

23.11, ஞாயிறு

தையலு போன் செய்தாள். மாத்திரை சாப்பிடுகிறேனா, மாட்டுக்குத் தவிடு வைத்தேனா என்று கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் அரிகரன் ஏதோ சொன்னான். அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்குகிற சிரிப்பு, நிற்கவே இல்லை.

“என்ன அப்படிச் சிரிப்பு?”

“ஒண்ணும் இல்ல. சின்ன வயசுக் கதை. உங்களுக்குப் புரியாது.”

நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் போனை எடுத்தேன். கேட்கவில்லை. போனை அவள் வைக்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.