பாலாற்றுப் பாலத்தில் நின்ற வண்டி

ஆவணி 4, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். கடல் பக்கமிருந்து துளிக் காற்று இல்லை. ஷெட்டைத் திறந்தேன். உள்ளே கரையான், பல்லி முட்டை, என் அம்பாசடர்.

பாஷா வந்தான். புதுப்பட்டினம் பஜாரில் பைக் மெக்கானிக். பானெட்டைத் தூக்கியதும் முதல் கேள்வி, "எந்த வருசத்து வண்டி அண்ணாத்த?"

ஆர்.சி. புத்தகத்தில் மை போய்விட்டது. எனக்கு வருஷம் நம்பரில் நிற்காது. சொன்னேன்: கல்பாக்கத்தில் முதல் உலை ஓடப்போகுது, ஓடினால் ஊரே வெடிக்கும் என்று டீக்கடையில் சண்டை நடந்த வருஷம். எங்கள் தெருவுக்கு முதல் விளக்குக் கம்பம் நட்ட வருஷம். மழையில் பாலாறு கரை முட்ட ஓடிய வருஷம். அந்த வருஷம் தை மாசம் வண்டி, வைகாசியில் என் கல்யாணம்.

"நான் அப்போ பொறக்கவே இல்ல. சரி, வண்டி எதுக்கு இப்போ? ஷூட்டிங்குக்கு வுடப்போறியா?"

கருங்குழி போகணும் என்றேன். அவன் சிரித்தான். "அண்ணியாண்ட பஸ்ல போயிட்டு வந்துகினுதான கீற?"

போவது வேறு. கூட்டிவருவது வேறு. அதை அவனிடம் சொல்லவில்லை.

கார்ப்பரேட்டர் வாயில் டீ கிளாசில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடித்தோம். நாலு தரம் இருமியது, ஓடியது, கிளாஸ் பெட்ரோல் தீர்ந்ததும் அணைந்தது. இஞ்சின் நல்லா கீது, பெட்ரோல்தான் வரலை என்றான் பாஷா. ஒரு நிமிஷ சத்தம்தான். இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொன்னேன்.

ஆவணி 5, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

பம்பைக் கழற்றினோம். இஞ்சின் பக்கவாட்டில் இருக்கும், கண்ணாடிக் கிண்ணம் வைத்தது. கிண்ணத்தில் தேன் கலரில் பசை. வார்னிஷ் வாடை. உள்ளே இருக்கும் சவ்வு அப்பளமாய்க் காய்ந்து விரல் பட்டதும் உடைந்தது.

செங்கல்பட்டில் வாங்க வேண்டியது: பம்பு சவ்வு. புளோட் ஊசி. பெட்ரோல் டியூப், இப்போது வரும் பெட்ரோலுக்குத் தாங்குகிற ரகம் (பழைய ரப்பரை இந்தப் பெட்ரோல் தின்றுவிடுகிறது, பாஷா சொன்னது). கிளிப்பு. எனக்கு மூட்டு வலித் தைலம்.

சாயங்காலம் கமலா போன். என் பெண். கருங்குழியில் குடித்தனம். அவளுக்குப் பிரசவம் பார்க்க என்று போனவள்தான் அவள் அம்மா. பிறகு குழந்தை தவழ்ந்தது, நடந்தது, ஸ்கூல் போனது. ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. நான் அங்கே போய் நாலு நாள் இருப்பேன், கடல் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது, திரும்பிவிடுவேன். வீடு இரண்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது பேத்தி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கமலா சொல்கிறாள், "அம்மாவுக்கு இங்க வேல ஒண்ணும் இல்லப்பா. ஆனா முட்டி மடங்கல. பஸ் படி ஏற முடியாது. கார் புக் பண்ணட்டா?"

வண்டி ரெடியாகுது, நானே வரேன் என்றேன்.

போன் அவள் அம்மா கைக்கு மாறியது. "இன்னாயா, அந்த வண்டியா?"

"ஆமா."

"நடுரோட்ல நிக்கவா? எனக்கு வேணாம்பா. நான் இங்கியே கெடக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

ஆவணி 6, புதன்

கார்ப்பரேட்டர். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டில் பச்சைப் பாசி. மெல்லிய செம்புக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று நான் சொன்னதும் பாஷா காற்று அடித்தே எடுத்தான். அதன் தலையில் இருக்கும் குப்பியில், டாஷ்பாட்டில், புது ஆயில். புளோட் ஊசியும் பம்பு சவ்வும் மாற்றியாயிற்று.

நாஸ்தாவுக்குப் பழைய சோறு. சுண்ட வைத்த வஞ்சிரக் குழம்பு மீன் விற்கிற செல்வி கொடுத்தது. கமலா அம்மா போல் புளி போட யாருக்கும் வராது. நான் வைத்தால் புளித்தண்ணி.

இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். எழுத்து அவள் சொல்லிக்கொடுத்தது. கல்யாணமான புதிதில், சாம்பலைத் தரையில் பரப்பி, என் விரலைப் பிடித்து. பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல் டிரைவர் வேலையா என்று கேலி பண்ணினாள். கைவிட்டால் மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். திருத்த ஆள் இல்லை.

ஆவணி 8, வெள்ளி

அனல்.

ஓடியது! பங்க்கில் கேனில் வாங்கி இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றினோம். பம்புக்கு அடியில் இருக்கும் குச்சியைக் கையால் தட்டி ஏற்றியதும் கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. செல்ஃப். பிடித்துக்கொண்டது. செல்வி கூடையோடு நின்று, "கெழவனும் வண்டியும் ஒண்ணா இருமுது பாரு!" என்று போனாள்.

பாஷா பக்கத்தில். திருக்கழுக்குன்றம் ரோடு. ஜன்னலில் காற்று. முன்சீட்டில் அவள் இல்லை, பீடியோடு பாஷா. மலை கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை போனோம்.

நின்றுவிட்டது.

கிண்ணம் காலி. பம்பு சரி. பாஷா தலையைச் சொறிந்தான். புளிய மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். மறுபடி செல்ஃப் அடித்தான். ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்துக்கொண்டது.

அதே வியாதி. அச்சு அசல் அதே வியாதி. இத்தனை காலம் கழித்து.

பாஷா வீடு வரை பேசிக்கொண்டே வந்தான். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் வண்டியில் இல்லையே. இருபது மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பிறகு ஏன் நின்றது?

ஆவணி 9, சனி

வேலை இல்லை. கை ஓடவில்லை. நேற்றிலிருந்து பழசெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது.

வண்டி மூன்று பேருக்குப் பொது. நான், முனுசாமி, ஆரோக்கியம். மாமல்லபுரம் ஸ்டாண்டு. வெள்ளைக்காரர்களை ஏற்றி ரதம், திருக்கழுக்குன்றம், முட்டுக்காடு. வாரத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். எங்களுக்குள் ஒரு சட்டம்: சவாரிக்கு டேங்க் நிரம்பி இருக்கணும், வெள்ளைக்காரன் முன்னால் பங்க்கில் நிற்பது கேவலம். சொந்த வேலைக்கு வண்டி எடுத்தால் இருப்பதைக் கேனில் வடித்து வைத்துவிட்டு சொந்தப் பெட்ரோல். மிச்சம் விடாமல் அளந்து ஊற்றுவோம், அடுத்தவனுக்கு ஒரு சொட்டு போகக்கூடாது.

கல்யாணத்துக்கு அந்தச் சட்டப்படிதான் ஊற்றினேன். கருங்குழியில் தாலி கட்டி, அவளைப் பின்சீட்டில் எங்கம்மா பக்கத்தில் உட்கார வைத்து, முனுசாமி ஓட்ட வந்தோம். பாலாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. சுத்தமாக நின்றது. எல்லோரும் இறங்கினோம். கீழே மணல். காற்றில் அவள் மாலை கிழிந்து பூ பறந்தது. லாரிக்காரன் எல்லாம் ஹாரன். முனுசாமி பானெட்டைத் தூக்கியபடி, "பொண்ணு கால் வெச்ச நேரம் சரியில்லப்பா" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானோ, என்னவோ. எங்கம்மா அதைப் பிடித்துக்கொண்டது.

பிறகு கமலாவுக்குக் காது குத்தப் போனபோது நின்றது. மூன்றாம் தரம் மாமண்டூரில். இந்தத் தரம் ஆரோக்கியமே சொன்னான், "அண்ணி ஏறுனாத்தான்டா இது மக்கர் பண்ணுது." நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவள் நடுவில் வந்து கையை விலக்கிவிட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸைக் கை காட்டி ஏறிவிட்டாள்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் பின்னாலேயே போனேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவள் தலை. செங்கல்பட்டு வரை தெரிந்துகொண்டே போனது. வண்டி நிற்கவே இல்லை. அதுதான் வினை. அவள் இறங்கியதும் ஓடுது பார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

அதன்பிறகு அவள் இந்த வண்டியில் ஏறவில்லை. எத்தனையோ கூப்பிட்டேன். பங்கு மூன்றும் எனக்கே வந்தபிறகும் கூப்பிட்டேன். "உன் வண்டிக்கு என் கால் ஆகாதுயா" என்பாள், சிரித்தபடி. ஊர் பேர் தெரியாத ஜனத்தையெல்லாம் முன்சீட்டில் உட்கார வைத்துக் கடலைக் காட்டினேன். அவளுக்கு ஒரு தரம் காட்டவில்லை.

ஆவணி 10, ஞாயிறு

மாலை தூறல். மண் வாசனை.

டேங்க்கை இறக்கினோம். எத்தனை மெக்கானிக் பார்த்திருக்கிறான் இந்த வண்டியை. எல்லோரும் கார்ப்பரேட்டர், பம்பு. ஊதினால் ஓடுது, ஓடினால் காசு. டேங்க்கை ஒருவன் இறக்கியதில்லை.

துரு போக, பழைய நட்டு போல்ட்டு ஒரு பிடி, டீசல் கொஞ்சம் உள்ளே போட்டு, மணல் மூட்டை மேல் வைத்து ஆளுக்கு ஒரு பக்கம் உருட்டினோம். கடகட என்று சத்தம். நடுவில் தொப், தொப் என்று ஒன்று. இரும்புச் சத்தம் இல்லை.

"உள்ள இன்னாவோ கீது" என்றான் பாஷா. மீட்டர் மிதவை மாட்டும் ஓட்டையில் கையை விட்டுத் துழாவினான். இழுத்தான்.

துணி. உள்ளங்கை அளவு. மஞ்சள் இன்னும் அங்கங்கே தெரிகிறது. ஓரத்தில் சிவப்பு நூல் தையல். தையல் பிரிந்த இடத்தில் ஒரு செம்புத் தகடு, சுருட்டியது.

"தாயத்து! டேங்க்குக்குள்ள தாயத்து! எவன் அண்ணாத்த இது?"

சிவப்பு நூலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முனுசாமி. ஸ்டீயரிங் கம்பத்தில் ஒன்று, அரணாக்கயிற்றில் ஒன்று, அதே மஞ்சள், அதே நூல், அதே முடிச்சு. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, "டேங்க் மூடி சரியா மூடல" என்று சாவி வாங்கிக்கொண்டு அவன் மட்டும் பின்னால் போனது ஞாபகம் வந்தது. எங்களிடம் சொன்னால் ஆரோக்கியம் சிரிப்பான். முன்னால் ஓட்டிய வண்டியில் முட்டுக்காடு வளைவில் அடிபட்டு எழுந்தவன் அவன். பயந்த மனுஷன். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் காப்பு போட்டிருக்கிறான்.

மெழுகுத் துணியில் தைத்திருப்பான். மெழுகு பெட்ரோலில் கரைந்து, துணி விரிந்து மிதந்திருக்கிறது. பாஷா ஈரத் துணியைக் குழாய் வாயில் வைத்துக் காட்டினான். உறிஞ்சினால் ஒட்டிக்கொள்கிறது. இஞ்சின் அணைந்ததும் விழுந்துவிடுகிறது. டேங்க் நிரம்பி இருந்தால் துணி மேலே எங்கேயோ. பெட்ரோல் அடியில் போனால்தான் குழாயாண்ட வரும்.

டேங்க் அடியில் போகிற பயணம் எது? அளந்து ஊற்றிய பயணம். அவளை ஏற்றிய பயணம்.

பாஷா சிரித்துக்கொண்டே இருந்தான். நானும் சிரித்தேன். அப்புறம் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

முனுசாமியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கணும் போல் இருக்கிறது. கேட்ட பிறகு அவனோடு டீ குடிக்கணும் போலவும்.

ஆவணி 12, செவ்வாய்

டேங்க்கில் ஊசித்துளை ஒன்று. பாதையில் கசிந்தால் அந்தக் காலத்தில் பார் சோப்பைத் தேய்த்து அடைப்போம். பாஷா ஈயம் வைத்துவிட்டான், டேங்க்கைத் தண்ணீரால் நிரப்பிக் காலி பண்ணி, காய வைத்து.

வேண்டுமென்றே இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி ஓட்டினேன். மலை வரை. தாண்டியும். நிற்கவில்லை. பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பாஷா பைக்கில் கேன் கொண்டுவந்தான்.

போனில் அவளிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை வரேன் என்று மட்டும். "பஸ்லதான?" என்றாள். போனை வைத்துவிட்டேன். வீட்டைப் பெருக்கினேன். புளி வாங்கி வைத்தேன்.

ஆவணி 14, வியாழன்

வெயில், நல்ல காற்று. கருங்குழி. கமலா வீட்டு வாசலில் இருந்து எழுதுகிறேன், பெண் உள்ளே மூட்டை கட்டுகிறாள்.

பாலத்தில் ஜன்னலை இறக்கிவிட்டு வந்தேன். பாலாற்றில் மணலும் புல்லும்.

ஹாரன் சத்தம் அவளுக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவள் படியோடு நின்றுவிட்டாள். துணியை அவள் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். சிவப்பு முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"இது முனுசாமி அண்ணன் முடிச்சு."

"ஆமா."

"அது நல்லதுக்குத்தான் போட்டுகீது, பாவம்." வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மண்ணாங்கட்டி. இத்தினி வருசம் என் கால பழி சொல்லிகினு."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, பின்கதவைத் தாண்டி, முன்கதவைத் திறந்தாள். முதலில் வலது காலை வைத்தாள். உட்கார்ந்தாள். மூட்டை கட்ட இன்னும் நேரம் இருக்கு, உள்ளே வா என்று கமலா கூப்பிட்டாள். இறங்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள், துணி மடியில்.

கமலா கேட்டாள், "இத இப்போ யாராண்டப்பா போய் சொல்லுவ? சொன்னவங்க ஒருத்தராச்சும் இருக்காங்களா?"

யோசித்தேன். எங்கம்மா மாசியில் ஒரு விடிகாலை, தூக்கத்தில் போனது. ஆரோக்கியம் மஞ்சள் காமாலையில், கடைசியில் அண்ணியைக் கேட்டதாகச் சொல் என்றான். முனுசாமியை நான்தான் இந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், பாதியிலேயே அடங்கிவிட்டான். அந்தப் பாலத்தில் இறங்கி நின்றவர்களில் மிச்சம் நானும் இன்னொருத்தரும்.

யாருப்பா என்றாள் கமலா.

கட்டிய நாளிலிருந்து நான் வாய் திறந்து சொல்லாத பெயர். கார் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

தனபாக்கியம்.