நாலு மணிக்கு நாற்பது

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. இருமல் மட்டும் விடவில்லை, இரண்டு மூன்று வாரம் இழுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறியும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. மீதியை உட்கார்ந்து படி. போனில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன், முடியவில்லை.

நேற்று நீ போனில், நல்லவேளை நீங்க மணிக்கு மணி எழுதி வச்சீங்க, இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் என்று அழுதாய். உன் அக்காவிடமும் சொல்லியிருக்கிறாய். அவர் காலையில் கூப்பிட்டு, அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். தன் மருமகனுக்குக் காட்ட வேண்டுமாம். எனக்கு உடம்பே கூசிப்போனது.

நீ பயிற்சிக்குக் கிளம்பிய மறுநாள் மூக்கொழுகல். மூன்றாம் நாள் மூச்சில் விசில் மாதிரிச் சத்தம். நுரையீரலுக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குழாய் வீங்கிச் சளி அடைச்சிருக்கு, வைரஸ்தான், தானா சரியாகும், ஆனா ரெண்டு நாள் கூடிட்டுத்தான் குறையும் என்றார் டாக்டரம்மா. இருமல் மருந்து எதுவும் கூடாதாம். மூக்கில் உப்புத்தண்ணீர்ச் சொட்டு, பால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, அவ்வளவுதான். மணிக்கொரு தரம் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணி எழுதச் சொன்னார். ஐம்பதைத் தாண்டினாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் பாதியாகக் குறைந்தாலோ உடனே தூக்கி வர வேண்டும்.

எங்கள் பாய்லர் வேலை உனக்குத் தெரியும். மணிக்கு மணி ரீடிங் எழுத வேண்டும். ஆனால் யார் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் மீட்டரைப் பார்க்கிறார்கள்? போன மணிக்கு இருந்ததில் ஒன்று கூட்டி, ஒன்று குறைத்துப் போட்டுவிடுவோம். பதினோரு வருஷமாகப் பழகிய கை. அன்று காலை உண்மையாகவே எண்ணினேன். நாற்பது. பிறகு அவள் தூங்கினாள், சட்டையைத் தூக்கினால் முழித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பது. சாயங்காலம் வரைக்கும் மதியமே எழுதி வைத்துவிட்டேன். நீ இடைவேளையில் கூப்பிட்டு, ஐம்பதைத் தாண்டினா சொல்லுங்க, பஸ் ஏறி வந்திடறேன் என்றபோது அதைத்தான் படித்துக் காட்டினேன்.

இரண்டரைக்குப் பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பினாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். டாக்டரம்மா நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்து, நம்பர் நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் வெளியே உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன், டீச்சரம்மா. அதெல்லாம் பொய் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கமாகப் போன நர்ஸம்மா பாப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்டு நின்றார். அவராகவே சட்டையைத் தூக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அறுபத்தெட்டு எண்ணினார். பிறகு நோட்டைப் புரட்டினார். நாலு மணிக்கு நாற்பது என்று என் கையெழுத்தில் இருந்தது. சுவரில் மணி மூன்றரை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஆக்சிஜன் வைத்தது, குழாய் வழியாகப் பால் கொடுத்தது எல்லாம் நீயே வந்து பார்த்துவிட்டுப் போனதுதான். நோட்டு காப்பாற்றவில்லை. நோட்டையும் மீறி அந்தம்மா காப்பாற்றினார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அக்காவிடமும் காட்டு. என்ன திட்ட வேண்டுமோ திட்டு, ஆனால் பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வா.

இப்போது காலை பத்து மணி. சட்டையைத் தூக்கி, முழு நிமிஷம் எண்ணினேன். முப்பத்தாறு. என்னை நம்பு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நீயே ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா