என்னுடையது இல்லை

டிசம்பர் 11
பனிப்புயலில் குதிரைகள் கலைந்து ஓடிவிட்டன. என் வீட்டுக்காரர் பூரேவ் தேடிப் போயிருக்கிறார். இரண்டு நாளில் வருவாராம். அந்தப் பக்கம் போனில் சிக்னல் கிடையாது.

டிசம்பர் 13
வரவில்லை. மைனஸ் முப்பத்தெட்டு. விடிந்ததும் அத்தை, மகன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று, அவர் போன திசையில் பால் தெளித்தார்.

டிசம்பர் 14
இதை எழுதிவிடுகிறேன்.

இருட்டியதும் நானும் அத்தையும் ஆட்டுப்பட்டியை அடைக்கப் போனோம். திடீரென்று பச்சையாக ஒரு வெளிச்சம். எரிநட்சத்திரம். ஆடுகளின் நிழல் தரையில் ஓடியது, அவ்வளவு பிரகாசம். மலைக்கு மேலே இரண்டாக உடைந்து அணைந்தது.

ஆளுக்கொரு நட்சத்திரம், அது விழுந்தால் ஓர் உயிர் போகும் — இப்படிச் சொல்லித்தானே வளர்த்தார்கள்? நான் யோசிக்கவே இல்லை. வழக்கப்படி தூவென்று துப்பி, "என்னோடது இல்ல" என்றேன். அத்தையும் அதையே சொன்னார்.

அப்புறம்தான் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் இருவரை விட்டால் கூடாரத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆள்.

டிசம்பர் 15
மதியம் டீயை வைத்துவிட்டு அத்தை சொன்னார்: "நீதான் முதல்ல சொன்ன. நல்ல பொண்டாட்டி."

எனக்கு வந்ததே கோபம்! "பெத்தவங்க நீங்க மட்டும் என்ன சொன்னீங்களாம்?"

கேட்டிருக்கக் கூடாது. அழுதுவிட்டார். நேற்று ஏன் அப்படிச் சொன்னேன்? 'எங்களுடையது இல்லை' என்று சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா?

டிசம்பர் 16
நாய் குரைத்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். நரிதான்.

டிசம்பர் 17
வந்துவிட்டார்! வந்தேவிட்டார். இரண்டு கால்விரல் கறுத்திருக்கிறது. பின்னாலேயே பதினொரு குதிரைகளும். அத்தை அவர் கன்னத்தை மோந்து மோந்து விடவே இல்லை.

சூப் குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார். "மூணு நாள் முன்னாடி ஒரு எரிநட்சத்திரம் பார்த்தேன். குதிரையே மிரண்டுடுச்சு."

அத்தை என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நீ என்னடா சொன்ன?"

"என்னம்மா கேள்வி? என்னோடது இல்லன்னு மூணு தடவ கத்தினேன்."

"அப்போ எங்க தலையில போட்டியா, பாவி!" என்று அத்தை சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. எதற்கு இப்படிச் சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. அத்தை பெரிய கறித்துண்டாகப் பார்த்து என் கிண்ணத்தில் போட்டார்.

டிசம்பர் 20
கிழக்கே கூடாரம் போட்டிருக்கும் தம்தின், போன மாதம் எங்களுக்கு வைக்கோல் கொடுத்தனுப்பியவர், தவறிவிட்டாராம். நெஞ்சுவலி. போன வாரம் நடந்தது என்று அவர் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எந்த நாள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.