இளக்காரத்துக்கு ஒரு சாட்சி

மார்ச் 4, செவ்வாய்

அகராதி அலுவலகத்தில் இன்று 'இளக்காரம்' என் மேசைக்கு வந்தது. ஒருவரைத் தகுதிக்குக் குறைவாக எடைபோடுவது என்று எல்லோருக்கும் தெரியும். பழைய அகராதியில் இன்னொரு பொருளும் இருக்கிறது: இளகிக் கொடுப்பது, கண்டிக்காமல் விடுவது. இளகுதலில் பிறந்த சொல் என்றுதான் எனக்குப் படுகிறது. இளகியவரை மற்றவர்கள் லேசாக நினைக்கப்போய் பொருள் இப்படிச் சறுக்கியிருக்கலாம். நாள் முழுக்க இதே நினைப்பு. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 5, புதன்

பக்கத்து மேசைக்காரர், எங்களுக்குள் அவர் பெயர் 'கத்தரி', அந்தப் பழைய பொருளை வெட்டச் சொல்கிறார். "யாருங்க இப்பல்லாம் அப்படிப் பேசறாங்க? விடுங்க மேடம்." எங்கள் வழக்கப்படி, யாராவது தானாக வாய்விட்டுச் சொன்ன வாக்கியம் ஒன்று வேண்டும். சொன்னது யார், யாரைப் பற்றி என்பதும் வேண்டும். அடுத்த செவ்வாய்க் கூட்டத்துக்குள் கிடைக்காவிட்டால் வெட்டுதான்.

வழக்கம்போலத் தலையாட்டினேன். போதாததற்கு, அவர் திருத்தவேண்டிய அச்சுப்படியையும் நானே பார்க்கிறேன் என்று வாங்கி வந்தேன். ஏன்? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, சனி

வீட்டில் வலை விரித்தேன். மகளைப் பற்றிக் கணவரிடம் பேச்சைக் கிளப்பினேன். 'செல்லம்' என்றார், 'இடம் கொடுக்கிறது' என்றார். 'இளக்காரம்' மட்டும் வரவில்லை. சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தால் செல்லாது.

"என்ன, என் வாயையே பாத்துட்டிருக்கே?"

கல்யாணமான புதிதில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லையாம்!

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறையிலும் கத்தரியின் அச்சுப்படியோடு உட்கார்ந்திருந்தேன். கணவருக்குப் பொறுக்கவில்லை.

"உன் வேலைய விட்டுட்டு அவர் வேலையப் பாக்கறே. அந்தாளுக்கு நீ ரொம்பத்தான் இளக்காரம் குடுத்து வச்சிருக்கே!"

சுருக்கென்றது. பதிலுக்குப் பதில் பேச வாயைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அதே பழைய பொருள்!

"ஐயோ, நீங்க நல்லாயிருக்கணும்!"

திட்டியதற்குச் சிரிக்கிறாளே என்று மனுஷன் பயந்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

'யாரைப் பற்றி' என்ற இடத்தில் என்ன எழுத? 'தெரிந்தவர் ஒருவர்' என்று மழுப்பலாமா? மழுப்பினால் சாட்சி நிற்காது. மழுப்பி மழுப்பித்தானே இந்த நிலைமை!

மார்ச் 11, செவ்வாய்

கூட்டத்தில் வாக்கியத்தைப் படித்தேன்.

"சொன்னது யாரு?" என்றார் முதன்மைப் பதிப்பாசிரியரம்மா.

"என் வீட்டுக்காரர்."

"யாரைப் பத்தி?"

கத்தரியும் ஆவலாக நிமிர்ந்தார்.

"உங்களைப் பத்திதாங்க" என்றேன், கத்தரியைப் பார்த்தே. பாதியில் விட்ட அச்சுப்படியையும் அவர் முன்னால் வைத்தேன். குரல் நடுங்கவில்லை. சரி, கொஞ்சம் நடுங்கியது.

பழைய பொருள் பிழைத்தது. சாயங்காலம் கத்தரி தன் அச்சுப்படியைத் தானே திருத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு பிழையை விட்டுவிட்டார். கை துறுதுறுத்தது.

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.