உன் ஐபோனைத் திருப்பி அனுப்புகிறேன்

ஸ்ரீவைகுண்டம்
ஆனி 27

அன்பு மகன் செந்தில்முருகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் வெள்ளாடும் அது போன வாரம் போட்ட இரண்டு குட்டிகளும் சுகம். அங்கே தோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு உறங்கி, கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கும்பிட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதமும் இதோடு ஒரு பார்சலும் அடுத்த தெரு ஜாபேஸ் கையில் வரும். உன்னோடு ஒரே கேம்பில் தங்கியிருக்கிற பிள்ளைதானே, லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், அப்புறம் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் கடைசி வரை படி. பார்சலைப் பிரித்ததும் திகைக்காதே. அதில் இருப்பது நீ எனக்கு அனுப்பிய ஐபோன்தான். உடையவில்லை, கெடவில்லை, ஒரு கீறல் கிடையாது. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

நீ ஆசையாய் அனுப்பினாய், இல்லை என்று சொல்லமாட்டேன். என் பழைய போன் வாய்க்காலில் முகம் கழுவும்போது மடியிலிருந்து நழுவி விழுந்து, இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லை என்று உன்னிடம் சொன்ன மறு வாரமே ஜாபேஸ் லீவில் வந்தபோது அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாய். பெட்டியைத் திறந்து பார்த்த அன்றைக்கு எனக்குப் பெருமைதான், தெருவில் நாலு பேரிடம் காட்டவும் செய்தேன். ஆனால் மறுநாள் காலையில் நான் பட்ட அவமானம் உனக்குத் தெரியாது. நம் ஊர்க் குளத்தில் இப்போது நூறு நாள் வேலையில் நாற்பத்திரண்டு பேர் மண் வெட்டுகிறார்கள். நான் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து என் போனில் இருக்கிற ஆப்பில் ஏற்றினால்தான் அவர்கள் வந்ததாகக் கணக்கு. அந்த ஆப்பை உன் ஐபோனில் தேடுகிறேன், தேடுகிறேன், இல்லவே இல்லை. பக்கத்து ஊர் பொறுப்பாளர் டார்லினைக் கூப்பிட்டுக் கேட்டால், "அக்கா, அது ஆண்ட்ராய்டு போன்ல மட்டுந்தான் வரும், ஒங்க போனுக்குக் கெடையாது" என்கிறாள். அவள் ஸ்கூட்டரில் ஓடி வருவதற்குள் நேரம் கடந்து ஆப் மூடிக்கொண்டது. அத்தனை பெண்களும் வெயிலில் வேலை பார்த்தும் அன்றைக்கு யாரும் வேலைக்கு வராத கணக்குதான். இசக்கித்தாய் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏட்டி முத்துராணி, ஒம் மவன் அனுப்புன போனு நெலாவக்கூட படம் புடிக்குமாம், நாங்க இங்கன நிக்கது மட்டும் அதுக்குத் தெரியலியோ?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருசத்தில் என் கையால் ஒருத்தி நாளும் போனதில்லை, அன்றைக்கு நாற்பத்திரண்டு பேர் நாள் போயிற்று.

அதை உன்னிடம் சொல்லி அழாத குறையாக நின்றபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "எம்மா, அதான் போனே ஒத்துக்கிடலல்லா, அந்த வேலைய விட்டுரு. சாமியே வழி காட்டுது" என்றாய். சாமி எதற்கு என் ஆப்பில் வந்து வழி காட்டுகிறது? அப்படிக் காட்டுகிற சாமி நீ பாலிடெக்னிக் படித்த காலத்தில் உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது வந்திருக்கலாம். டார்லின் தன் மகள் பாடம் படிக்கிற போனை எனக்கு மூன்று நாளைக்கு இரவல் கொடுத்தாள். அதில் ஆப்பைப் போட்டுக்கொண்டு, உன் போனையும் மடியில் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். பதினோரு மணி இருக்கும், நீ கூப்பிட்டாய். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை, எடுத்த எடுப்பில் "கொளத்துக் கரையில என்னம்மா செய்யுத?" என்றாய். கரைமேல் நின்று நாலு பக்கமும் பார்த்தேன், நீ சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து எங்கேயாவது நிற்கிறாயோ என்று. சாயங்காலம் டார்லின் வந்து உன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள், நான் எங்கே போனாலும் உன் போனில் தெரிகிற மாதிரி நீ வைத்து அனுப்பியிருக்கிறாய் என்று. ஏலே, மேய விட்ட மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரியா உன் அம்மாவுக்குக் கட்டினாய்? கீழே விழுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தேன் என்கிறாய். விழுந்தால் தூக்க நாற்பத்திரண்டு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள், நீ கடல் தாண்டி இருக்கிறாய்.

நிஜத்தைச் சொல்லட்டுமா, உனக்குப் பயம் நான் விழுவேன் என்பது இல்லை. தேன்மொழி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான். அன்றைக்கே உன் வாயால் வந்துவிட்டது: "பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா என்ன நெனப்பாங்க? கல்யாணம் முடியுத வரைக்குமாவது வீட்டோட இரு." வைகாசியில் நிச்சயத்தன்று அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "எங்க அம்மா வேலைக்கெல்லாம் போகல, வீட்டோட இருக்காங்க" என்று நீ சொன்னாயே, தட்டு மாற்றுகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பட்டுச் சேலைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படி இருந்தது என்று நீ கேட்கவே இல்லை. நான் என்ன திருட்டு வேலையா பார்க்கிறேன்? மண் வெட்டுகிறேன், பெயர் கூப்பிடுகிறேன், கணக்கு எழுதுகிறேன், வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகளை நிழலில் உட்காரவைக்கிறேன். உன் பிழைப்பில் குறை சொல்லி நான் ஒரு நாளும் பேசியதில்லை. என் பிழைப்பை ஒளித்து வைக்க உனக்கு யார் சொன்னது?

ஆகவே நான் பஸ் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் என் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு போன் வாங்கிவிட்டேன். ஆண்ட்ராய்டு. கடைப் பையன் என் கையில் ஐபோனைப் பார்த்துவிட்டு, "எம்மா, எல்லாரும் அதுல இருந்து இதுக்கா வருவாங்க? இதுல இருந்து அதுக்குல்லா போவாங்க" என்று சிரித்தான். மற்றவர்கள் எங்கே போனால் எனக்கென்ன என்றேன். கேமரா இத்தனை, அது இத்தனை என்று அவன் ஒப்பித்ததை எல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னேன். இரண்டு சிம் கார்டு போட வேண்டும், ஏனென்றால் ஒரு கம்பெனி வீட்டில் எடுக்காது, இன்னொன்று குளத்தில் எடுக்காது. காலையில் சார்ஜ் போட்டால் பொழுது சாயும் வரை நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் பேசினால் மண்வெட்டிச் சத்தத்திலும் கேட்க வேண்டும். நான் தமிழில் பேசினால் அது தமிழில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வெயிலில் திரை தெரிய வேண்டும். ஏசி கடைக்குள் எல்லாப் போனும் பளபளவென்றுதான் தெரியும், குளத்துக்குள்ளே அல்லவா பார்க்க வேண்டும். அவன் காட்டிய மூன்றையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடுரோட்டு வெயிலுக்குப் போய்விட்டேன். அந்தப் பையன் பதறி அடித்து, "எம்மா, எம்மா, எங்க போறிய?" என்று பின்னாலேயே ஓடி வந்தான், நான் போனோடு ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டான் பாவம். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எதில் என் பெயர்ப் பட்டியல் கண்ணுக்குத் தெரிந்ததோ அதை எடுத்தேன். விலையில் அது நடுவில் உள்ளது. ஒயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் இருந்ததை எல்லாம் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்தான், ஒரு மணி நேரம் ஆயிற்று, காபியும் வாங்கிக் கொடுத்தான். நம்பர்கள்தான் பெரிய கூத்து. உன் கணக்கில் இருந்ததால் உன் கம்பெனிக்காரர்கள் நம்பரெல்லாம் என் நம்பர்களோடு கலந்து வந்துவிட்டது. டிராக்டர் மணிராஜைக் கூப்பிடுவதாக நினைத்து உன் கம்பெனி மணிராஜைக் கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தன நடை மண்ணு வந்துச்சு?" என்று அதட்டிவிட்டேன். தங்கமான மனுசர், நடை கணக்கு தெரியலையே அம்மா என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. உன்னைச் சேர்ந்த நம்பர்களை எல்லாம் அழித்துவிட்டேன், உன் ஒரு நம்பரைத் தவிர. இந்த ஐபோனில் இருப்பதை எல்லாம் அழிக்கவேண்டும் என்றால் உன் பாஸ்வேர்டு கேட்கிறது. உன் பாஸ்வேர்டு எனக்கு எதற்கு, நீயே வைத்துக்கொள்.

இனி சொல்லப்போவதுதான் உனக்குக் கோபம் வருகிற விசயம். புதன்கிழமை குளத்தில் மத்தியானப் படம் எடுத்து முடித்த கையோடு தேன்மொழியின் அம்மா சொர்ணாம்பாள் வீடியோவில் கூப்பிட்டாள், மாப்பிள்ளைக்கு என்ன நிறத்தில் வேட்டி சட்டை எடுக்கலாம் என்று கேட்க. முன்பென்றால் வீட்டுக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன், நீ கற்றுக் கொடுத்த புத்தி. அன்றைக்கு எடுத்துவிட்டேன். தலையில் துண்டு, முகமெல்லாம் புழுதி, பின்னால் நாற்பது பேர். அவள் திகைத்துப் போய், "மைனி, எங்கன நிக்கிய?" என்றாள். "நூறு நாள் வேலையில நிக்கேன் மைனி, நாந்தான் இங்க பொறுப்பு, நான் வீட்டோட இருக்கேன்னு அவன் சொன்னது பொய்யி" என்று போனைத் திருப்பி எல்லோரையும் காட்டினேன். இசக்கித்தாய் பல்லெல்லாம் தெரிய கை ஆட்டினாள். சொர்ணாம்பாள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். இந்தச் சம்பந்தம் இத்தோடு போயிற்றோ, என் பிள்ளை வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று ஒரு நொடி கலங்கிவிட்டேன். போனால் போகட்டும் என்றும் அதே நொடியில் நினைத்தேன். அப்புறம் அவள் கேட்டாள்: "இத ஏன் மாப்பிள்ள எங்ககிட்ட மறைச்சாவ? எங்க மாமியாரும் வயல்ல நாத்து நட்டவதான். ஒளிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? வேற எதையும் இப்படி ஒளிச்சிருக்காவளோன்னுல்லா இப்ப எனக்குத் தோணுது." என் வேலை அவர்களுக்கு ஒரு குறையாகப் படவில்லை, உன் பொய்தான் குறையாகப் பட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நீதான் அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டும். தேன்மொழி அப்பாவிடம் முதலில் பேசு, சுற்றி வளைக்காதே, தப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லு.

இன்னொன்று. ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை அடிக்க மாட்டார்கள், ஆவணியில் கல்யாணம், அதனால் உன் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் நேற்று அச்சகத்தில் கொடுத்து அடித்து வாங்கிவிட்டேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரியைத்தான் கொடுத்தேன். அதில் தேன்மொழி அப்பா பெயருக்குக் கீழே ஓய்வு பெற்ற எழுத்தர் என்று இருந்தது, உன் பெயருக்குக் கீழே படிப்பும் தோஹா வேலையும் இருந்தது, காலமான உன் அப்பா பாபநாசம் பெயருக்குக் கீழே விவசாயி என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே மட்டும் வெறும் காகிதம். அச்சகத்துக்காரர், "இங்கன காலியா கெடக்கே அக்கா, இல்லத்தரசின்னு போட்டுருவமா?" என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்கிறபடி போடுங்கள் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஐந்நூறும் அப்படியே அடித்தாயிற்று. முதல் பத்திரிகை அம்மன் காலடியில் வைத்தாயிற்று, இரண்டாவது சொர்ணாம்பாள் வீட்டுக்குப் போயிற்று, மூன்றாவது நாலு மூலையிலும் மஞ்சள் தடவி இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. உனக்கு வெட்கமாக இருந்தால் நீ பிரித்துப் பார்க்காதே, ஊர் பார்த்துக்கொள்ளும்.

புரோட்டாவையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஜாபேஸ் கையில் எள்ளுப்பொடியும் கருப்பட்டியும் கொடுத்திருக்கிறேன், கேம்பில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உனக்கு இல்லாமல் நிற்காதே. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு, வெயிலில் அலையாமல் முகம் கொஞ்சம் தெளியட்டும். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் படுக்காதே. குலசாமி துணையில் நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும், வருகிற மகராசியும் உன்னோடு நன்றாக இருக்க வேண்டும். புதுப் போனிலும் என் நம்பர் பழைய நம்பர்தான், கூப்பிடு. காலை ஒன்பதிலிருந்து பொழுது சாயும் வரை குளத்தில் இருப்பேன், அப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பா. முத்துராணி,
பணித்தளப் பொறுப்பாளர்.